பெரகலச் சந்தியிலிருந்து அங்கொடைக்கு

பெரகலச் சந்தியில் நிற்பவனுக்கு மூன்று சாலைகள் தெரியும். ஒன்று ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்பை நோக்கி இறங்குகிறது. மற்றொன்று அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளையைத் தொட்டு, ஹாலிஎலைக்கும் அங்கிருந்து பதுளைக்கும் போகிறது. மூன்றாவது கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயச் சமவெளிக்குச் சரிகிறது. சந்தியைச் சுற்றிலும் தேயிலை, தேயிலைக்குள் லயங்கள், லயங்களுக்குள், ஊவா மலைகளுக்கு முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட வந்த தமிழ்த் தொழிலாளரின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை.

ஒரு லயத்தில் ஒருவன் கால் முறிந்து விழுந்தால் அவனை எந்தச் சாலையில் கொண்டுபோவது என்று எவரும் தயங்குவதில்லை. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்கும் வழி தெரியும். ஆனால் நான்கு இரவுகள் கண் மூடாது, தன்னைக் கொல்ல ஆட்கள் வருகிறார்களென்று கத்தியுடன் வாசலிலே நிற்கும் ஓர் இளைஞனை எங்கே கொண்டு செல்வது? பிள்ளை பெற்ற பத்தாம் நாளில், இது என் பிள்ளையன்று என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தாயை யாரிடம் காட்டுவது? இக்கேள்விக்கு இந்நாட்டு ஆட்சிகள் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே விடையைத்தான் வைத்திருந்தன: முதலில் துரையிடம், பிறகு பொலிசாரிடம், பிறகு நீதிமன்றத்தில், இறுதியில் அங்கொடையில். வைத்தியன் இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் கையெழுத்திடுபவனாக மட்டுமே இருந்தான். அவன் எவ்வாறு மெல்ல மெல்ல வரிசையின் முன்னே வந்தான், இன்னும் எவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கிறது என்பதையே இங்கு நாம் ஆராய முற்படுகிறோம்.

மனநல அவசரநிலை என்பது ஒரு நோயின் பெயரன்று. உடனே தலையிடாவிட்டால் நோயாளியின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ கேடு விளையக்கூடிய எந்த மனக்குழப்ப நிலைக்கும் அது பொதுப்பெயர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர், மாயக் குரல்களுக்குப் பயந்து ஓடுபவர், சாராயத்தைத் திடீரென நிறுத்தியதால் நடுங்கிப் பிதற்றுபவர், பேறுகாலத்தின் பின் அறிவு தடுமாறிய தாய், உணவும் நீரும் மறுத்துச் சிலையாகிவிட்டவர் ஆகிய யாவரும் இதனுள் அடங்குவர். இதில் வைத்தியனுக்கு முதற்பாடம் ஒன்றுண்டு. மனம் குழம்பியவராகத் தோன்றும் அனைவரும் மனநோயாளரல்லர். காய்ச்சலின் உச்சத்தில் பிதற்றுவோர் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததால் தாக்க வரும் நீரிழிவு நோயாளி உண்டு. தலையில் அடிபட்டு மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருப்பவரைக் குடிகாரன் என்று மூலையிலே கிடத்திவிடுவதும் உண்டு. உடலை முதலிற் பார், பிறகு மனத்தைப் பார் என்பது எளிய விதிதான். இரவு இரண்டு மணிக்கு, கூச்சலிடும் ஒருவரின் எதிரே நின்று அதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. அதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்குப் பயிற்சி வேண்டும்.

அந்த இரவில் நோயாளியின் எதிரே நிற்பவர் யார்? பேராசிரியரல்லர், மனநல நிபுணருமல்லர். மருத்துவக் கல்லூரியை விட்டு வெளியேறிச் சில திங்களே ஆன உள்ளகப் பயிற்சி வைத்தியர். ஓராண்டு காலம் வைத்தியசாலையிலேயே தங்கி, உறக்கமின்றி உழைக்கும் இவ்விளைஞர்களின் தோளிலேதான் நம் அரசாங்க வைத்தியசாலைகளின் இரவுகள் நிற்கின்றன. அவர்களுடைய பயிற்சியோ, பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்னும் பெருந்துறைகளைச் சுற்றியே நெடுங்காலம் அமைந்திருந்தது. வயிற்றைத் திறக்கவும் மூடவும் அருகிருந்து கற்றவர், அச்சத்தால் வெறிகொண்ட மனிதரை அமைதிப்படுத்துவதை எவரிடமும் கற்காமலே கடமைக்கு வந்தார்.

இதன் வேரைத் தேடினால் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் நிற்பதைக் காண்கிறோம். 1872இல் பெருந்தோட்ட மாவட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. 1873இல் சித்தசுவாதீனமற்றோர் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. முன்னது தொழிலாளியின் உடலைப் பற்றியது. பின்னது மனத்தைப் பற்றியது. உடலைப் பற்றிய சட்டம் வைத்தியரையும் மருந்தையும் பேசிற்று. மனத்தைப் பற்றிய சட்டம் மாவட்ட நீதிமன்றத்தையும் விசாரணையையும் காவலையும் பேசிற்று. ஒரே ஆட்சி, ஒரே தசாப்தம், ஒரே மக்கள். ஆயினும் மனிதனை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஆஸ்பத்திரிக்கும் மறு பாதியைக் கச்சேரிக்கும் அனுப்பினார்கள்.

உடலின் பக்கம் காட்டிய அக்கறையையும் கருணை என்று எண்ணி ஏமாறத் தேவையில்லை. கோப்பிக் காலத்தில் தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். ஆள் பிடித்துக் கொண்டுவரும் செலவு துரைமாரின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. 1912இல் திருத்தி எழுதப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல், தோட்டத்தில் யார் நோயுற்றிருக்கிறார் என்று அறிந்திருத்தல், கடும் நோயெனில் மாவட்ட வைத்திய அதிகாரிக்குச் சொல்லி அனுப்புதல் ஆகியவற்றைத் தோட்டத்துரையின் கடமைகளாக்கியது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சியது. இரத்தம் குறைந்தவன் குறைவாகக் கொத்தினான். எனவே அதற்கு இயக்கம் ஒன்று பிறந்தது. துயரத்தால் வாயடைத்துப்போன ஒரு பெண் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும்வரை எவருக்கும் அவளால் நட்டமில்லை. கிள்ளுவதை நிறுத்திய அன்றே அவள் ஒரு பிரச்சினையானாள். அப்போதும் பெயர் வெட்டப்பட வேண்டிய பிரச்சினையாகத்தான், நோயாளியாக அன்று.

தோட்டத்து டிஸ்பென்சரி என்ற சிறு கட்டடத்தை மலையகத்தில் வளர்ந்த எவரும் மறக்க முடியாது. மிக்ஸ்சர் போத்தல், குயினைன், பேதிமருந்து, புண்ணுக்குக் கட்டு. அங்கிருந்த டிஸ்பென்சர் பல தோட்டங்களில் உண்மையான மக்கள் தொண்டனாக இருந்தார். வேறு பலவற்றில் துரையின் நிழலாகவும் இருந்தார். பிரட்டுக்கு வராதவன் உண்மையில் நோயுற்றவனா, சோம்பேறியா என்று தீர்ப்பளிக்கும் வேலையும் அவருக்கிருந்ததால், தொழிலாளி அவரிடம் மனம் திறந்து பேசவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோயை அங்கே யார் போய்ச் சொல்வார்?

சொல்லாத நோய்க்கு மக்கள் தாமே வழி தேடினர். பூசாரி வந்தார், உடுக்கு ஒலித்தது, முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் கோழி அறுத்தார்கள், கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தார்கள். பகுத்தறிவு பேசும் நம்மிற் சிலர் இதைக் கண்டு நகைப்பதுண்டு. நாம் நகைக்க விரும்பவில்லை. வைத்தியசாலையின் கதவு பூட்டிக் கிடந்தபோது கோவிலின் கதவு திறந்திருந்தது என்பதே இதன் வரலாற்றுப் பொருள். ஆனால் பேய் விரட்டுவதாகச் சொல்லி அடித்ததையும் தூணோடு பிணைத்ததையும் நாம் மன்னிக்கவும் மாட்டோம். அதே தமிழ் மண்ணின் மறுகரையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் கொட்டகையொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியிற் கட்டுண்டிருந்த மனநோயாளர் ஓட முடியாது கருகினர். இறந்தோர் 28 பேர். சங்கிலியின் கொடுமை அந்த ஒரு விடியலில் உலகறிந்தது.

இனி அரசாங்கத்தின் சங்கிலிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பொறளையில் ஒரு பித்தர் விடுதி இருந்தது. பின்னர் அது கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தது. 1920களில் அங்கொடையில் பெரிய கட்டடம் எழுந்தது. எல்லாம் கொழும்பிலும் கொழும்பையடுத்தும். ஊவா மலையில் அறிவு தடுமாறியவரின் பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அப்புத்தளைக்கு 1893இலும் பதுளைக்கு 1924இலும் இரயில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் மாட்டுவண்டியும் கால்நடையும். இருபுறமும் காவலர், எதிரே அறியாத ஊர், காதிலே விளங்காத மொழி. வீட்டார் உடன்சென்றால் அன்றைய கூலி போயிற்று. அனுப்பியவர்கள் பலர் பிறகு அவரைக் காணவேயில்லை. மலையகத்தின் பேச்சில் ‘அங்கொடை’ என்பது ஓர் ஊரின் பெயராக அன்றி வசைச் சொல்லாக நிலைத்துவிட்டதன் காரணம் இதுவே.

1937இல் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவர் எட்வர்ட் மப்போதர், இலங்கை ஆட்சியினரின் அழைப்பில் வந்து அங்கொடையைப் பார்வையிட்டார். அவர் எழுதிய அறிக்கை கடுமையானது. நோயாளர் கொள்ளளவுக்கு மேல் நெருக்கியடிக்கப்பட்டுக் கிடந்தனர். வைத்தியம் என்று சொல்லத்தக்கது அங்கே மிகக் குறைவு. மனநோயாளர் பொது வைத்தியசாலைகளில் பார்க்கப்பட வேண்டும், அதற்கென வைத்தியர்கள் முறையாகப் பயிற்றப்பட வேண்டும் என்பன அவர் சொன்னவற்றுட் சாரமானவை. 1939இல் கொழும்புப் பொது வைத்தியசாலையில் மனநோய்க்கான வெளிநோயாளர் சிகிச்சை தொடங்கியது. ஏகாதிபத்தியத்தின் மனிதர் ஒருவர் ஏகாதிபத்தியத்தின் கட்டடத்தைக் குறை கூறினார். அது அவருக்குப் பெருமை. எனினும் பெரகலச் சந்திக்கு அந்த வெளிச்சம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1952இல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளருக்குப் பயன்பட்டது. சங்கிலியாலும் குளிர்நீராலும் அடங்காதவர் ஊசி மருந்தால் அமைதி பெற்றனர். உலகெங்கும் பித்தர் விடுதிகளின் முகம் மாறியது. மனநோயாளரைப் பொது வார்ட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் கனவல்லாதாயிற்று. இலங்கையில் 1956இல் பழைய சட்டமும் திருத்தம் பெற்றது. தன் விருப்பில் வந்து சேர்வோர், தற்காலிகமாகச் சேர்க்கப்படுவோர் என்ற பிரிவுகள் நுழைந்தன. ‘பித்தர்’ என்ற சொல் போய் ‘மனநோய்’ என்ற சொல் வந்தது. ஆயினும் 1873இன் எலும்புக்கூடு உள்ளே அப்படியே இருந்தது. 2005இல் வெளிவந்த தேசிய மனநலக் கொள்கையும் புதுச் சட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது.

அதே 1956ஆம் ஆண்டு மற்றொரு சட்டத்தையும் தந்தது. தனிச் சிங்களம் ஆட்சிமொழியாயிற்று. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்டனர்: ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, எஞ்சியோர் பின்னர். தமையன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்குமாகப் பிரிந்த குடும்பங்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற இரயிலை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே அழைத்தனர். ஒரு மக்கள் கூட்டத்தின் மனத்தை நொறுக்குவதற்கு இதைவிட என்ன வேண்டும்? இருப்பினும் அக்காலத்து மருத்துவக் கல்வியில் இவர்கள் துயரத்துக்கென்று தனியிடம் இருந்ததில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்ட வைத்தியமோ அப்போதும் நாட்டின் பொது வைத்தியத்தோடு முழுதாகச் சேரவில்லை. 1990களில்தான் தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு ஏற்கும் வேலை சிறிது சிறிதாகத் தொடங்கியது.

மருத்துவக் கல்வி இதற்கிடையே தன் வழியில் வளர்ந்தது. 1960களின் இறுதியில் கொழும்பு மருத்துவ பீடத்தில் மனநல மருத்துவத்துக்குத் தனித்துறை உண்டாயிற்று. 1980இல் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் எழுந்து, நிபுணர்களை நாட்டிலேயே பயிற்றத் தொடங்கிற்று. நல்லவையே. ஆனால் நிபுணர் பயிற்சி முடித்தவருள் கடல் கடந்தோர் பலர். எஞ்சியோரைத் தலைநகரமும் பெருநகரங்களும் பிடித்துவைத்துக்கொண்டன. மலைக்கு வந்தவர் மிகச் சிலர்.

இந்நிலையில் சாவு ஒன்றே ஆட்சியாளரின் கண்ணைத் திறந்தது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மடிந்தனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. பயிர்நிலங்களிலும் தோட்டங்களிலும் கைக்கெட்டும் தூரத்திற் கிடந்த நச்சு மருந்துகளே இச்சாவுகளிற் பெரும்பகுதிக்குக் காரணம். அக்காலச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றமென்றது. உயிர் பிழைத்தவர் கட்டிலருகே பொலிசார் நின்றனர். வைத்தியர் நஞ்சைக் கழுவினார். ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்வி பொலிஸ்காரனின் வாயிலிருந்து வந்தது. அவனுக்குப் பதில் சொல்ல எவர் விரும்புவார்? 1998இல் அச்சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. அதன் பின்னரே அந்தக் கேள்வி வைத்தியருக்கு உரியதாயிற்று. 2008 முதல் 2011 வரை பரகுவாட் உள்ளிட்ட கொடிய நச்சு மருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பரகுவாட் தேயிலைத் தோட்டங்களில் களைக்கு அடித்த மருந்துதான். 1995இன் உச்சத்தோடு ஒப்பிட்டால் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. ஒரு கணம் தடுமாறிய மனிதனுக்கு அந்தக் கணத்தைக் கடக்க வாய்ப்பளித்தால் அவன் வாழ்கிறான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று மருத்துவ உலகில் அதிகமில்லை. இவ்வாறு பிழைத்து வருபவரிடம் இரவுக் கடமையிலிருக்கும் வைத்தியர் பேச வேண்டும். மீண்டும் அந்த எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர், அவ்வச்சம் தவறு. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் நெடுமூச்சு விட்டுப் பேசத் தொடங்குகிறார்.

2004 டிசம்பரின் கடற்கோள் மற்றொரு கதவைத் திறந்தது. நிபுணர்களை மட்டும் நம்பியிருந்தால் மக்களுக்கு என்றும் கிட்டாது என்பது அப்போது வெளிச்சமாயிற்று. மூன்று மாதப் பயிற்சி பெற்ற மனநல வைத்திய அதிகாரிகள், ஓராண்டு டிப்ளோமாப் பெற்றவர்கள் என்று இடைநிலையினர் பெருகினர். 2005இன் கொள்கை, மனநோயாளரை அங்கொடைக்கு அனுப்புவதைக் குறைத்து, மாவட்டந்தோறும் பொது வைத்தியசாலையிலேயே தீவிர நோயாளருக்கு வார்ட்டு அமைக்க வேண்டும் என்றது. மட்டக்களப்பில் வைத்தியர் மகேசன் கணேசனும் அவருடன் உழைத்தோரும், போரும் கடற்கோளும் சிதைத்த மாவட்டத்தில், ஊர் மட்டத்துப் பணியாளரையும் பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகளையும் சேர்த்து எவ்வளவு செய்ய முடியும் என்பதைக் காட்டினர். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவர் மாணவரும் தமிழிலேயே மனநலப் பாடங்களை எழுதிப் பயிற்சி தந்தனர். தமிழில் இது இயலாது என்பார்க்கு அவை போதிய விடை. வடக்கிலும் கிழக்கிலும் இயன்றது ஊவாவில் ஏன் தாமதித்தது என்பதே நம் கேள்வி.

2014 அக்டோபர் 29. பெரகலையிலிருந்து கொஸ்லந்தைச் சாலையில் இறங்குவோர் அறியும் மீரியபெத்தையில், காலை ஏழரை மணியளவில் மலை சரிந்தது. அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் லய வரிசைகள் மண்ணுள் மறைந்தன. பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டிருந்தனர். திரும்பியபோது வீடும் இல்லை, தெருவும் இல்லை. அந்த மலை சரியக்கூடும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்திலும் மக்கள் லயத்திலும் இருந்தனர். தப்பியோர் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். புது வீடுகள் கைக்கு வர 2016 ஆயிற்று.

இத்தகைய பேரிடரின் முதல் வாரத்தில் வைத்தியர் செய்யத்தக்கது என்ன? அழுபவரை வற்புறுத்திக் கதை சொல்ல வைப்பதன்று. உன் தாய் எப்படி இறந்தாள் என்று ஒலிவாங்கியை நீட்டுவதுமன்று. அவ்வாறு கிளறுவது நன்மை தராது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே தன் வழிகாட்டியில் எழுதிவிட்டது. உறவினரைத் தேடித் தருதல், உணவும் போர்வையும் தருதல், உறங்க இடம் தருதல், பேச விரும்புவோர் பேசும்போது கேட்டல், இவையே முதலுதவி. உறக்கமின்றி, உண்ணாமல், பிணம் எடுக்கும் இடத்தையே சுற்றித் திரிபவரை இனங்கண்டு தனியே பார்த்தல் அதற்கடுத்த படி. இந்த இரண்டாம் படிக்குத்தான் பயிற்சி பெற்ற கண் தேவை. தமிழ் கேட்கும் காதும் தேவை.

ஓர் இரவை எண்ணிப் பார்ப்போம். இது குறிப்பிட்ட எந்த வைத்தியசாலையின் கதையுமன்று. வார்ட்டுகளை அறிந்தோர் யாவரும் அறிந்த இரவு. கவ்வாத்துக்குச் சென்ற தொழிலாளி வழுக்கி விழுந்து கால் முறிந்து சத்திரசிகிச்சை வார்ட்டில் இருக்கிறார். இருபது ஆண்டுகளாக மாலைதோறும் குடித்தவர். அதைச் சேர்க்கும்போது எவரும் கேட்கவில்லை, கேட்டவருக்கு மொழி புரியவில்லை. முதல் நாள் கை நடுங்கியது, வலி என்றார்கள். இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது, காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் இரவு அவர் எழுந்து, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தி, சேலைன் குழாயைப் பிடுங்கி எறிந்து, முறிந்த காலோடு ஓடப் பார்க்கிறார். சிற்றூழியர் இருவர் பிடித்துத் துணியாற் கட்டிலோடு கட்டுகின்றனர். அடுத்த கட்டிலிற் படுத்திருப்பவர், காட்டு முனி அடித்துவிட்டது என்கிறார். இளம் வைத்தியர் ஓடி வருகிறார்.

பயிற்சியில்லாத வைத்தியருக்கு இரு வழிகள் தோன்றும். பெரிய மயக்க ஊசி ஒன்று; அல்லது, இது பைத்தியம், வேறிடம் அனுப்பு என்ற துண்டு. இரண்டும் ஆளைக் கொல்லக்கூடும். பயின்றவர் நாடியையும் வெப்பத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார். தலையில் அடியில்லை என்று உறுதி செய்கிறார். மனைவியிடம், கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்கிறார். விடை கிடைத்துவிட்டது. மது நின்றதால் வந்த பிதற்றல் இது. டயசிபாம் போன்ற மருந்தை அளவறிந்து தருகிறார். வலிப்பு வரலாம் என்று காத்திருக்கிறார். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாக ஏற்றுகிறார், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னரே. விளக்கை அணைப்பதில்லை; மனைவியைக் கட்டிலருகே இருக்க விடுகிறார்; கட்டை அவிழ்க்கச் செய்கிறார். சில நாட்களில் அந்த மனிதர் எதுவும் நினைவில்லாதவராய், வெட்கத்துடன் சோறு கேட்கிறார். பேயுமில்லை, பைத்தியமுமில்லை. நாம் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், இதில் நிபுணர் எவருக்கும் வேலையில்லை என்பதைக் காட்டத்தான். வேண்டியவை ஒரு கேள்வி, ஒரு மலிவான வைட்டமின், அமைதியாகப் பேசும் ஒரு குரல்.

ஆனால் அந்தக் கேள்வி எந்த மொழியில்? பிற துறை வைத்தியர்களுக்குக் கருவி பல உண்டு. நெஞ்சுக்குழலுக்கு இனமில்லை, எக்ஸ்-ரேக்கு மொழியில்லை. மனத்தைப் பரிசோதிப்பவரின் கருவி பேச்சு ஒன்றே. தோட்டத்துப் பெண் தன் துயரத்தைப் பாடநூற் சொற்களிற் சொல்லமாட்டாள். “நெஞ்சு படபடங்குது”, “தலைக்குள்ள குடையுது”, “மனசு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது” என்பாள். மொழி அறியாதவர் இதயத்துக்கு ஒரு மாத்திரையும் தலைக்கு ஒரு மாத்திரையும் எழுதி அனுப்புவார். “உசுரோட இருந்து என்னாங்கய்யா” என்று அவள் கடைசியிற் சொன்னது மேசையைத் தாண்டிப் போயிருக்காது. அந்த ஒரு வாக்கியமே அவசரநிலை.

1987இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. 2007இல், அரச சேவையில் புதிதாகச் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் மற்ற ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சட்டப் புத்தகத்தில் எதற்கும் குறைவில்லை! மலையகத்திலிருந்து மருத்துவக் கல்லூரி செல்லும் மாணவர் தொகை வளர்ந்தாலன்றி இப்பள்ளம் முழுதாக நிரம்பாது. அதற்குத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் வேண்டும். இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு அப்பள்ளத்தின் ஆழத்தை நாம் விளக்கத் தேவையில்லை. அதுவரையில், பதுளை மாவட்டத்துக்குக் கடமைக்கு வரும் சிங்கள வைத்தியருக்கு அறுபது, எழுபது தமிழ் வாக்கியங்களைக் கற்பிப்பது இயலாத காரியமா? சிங்கள வைத்தியர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இரவெல்லாம் கண்விழித்து நம் மக்களின் உயிரைக் காத்தவர்கள் அவர்களே. கற்பிக்க வேண்டியதைக் கற்பிக்காதவர்களையே நாம் கேட்கிறோம்.

இந்தியாவில் 2017இல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இடத்தில் உற்றுநோக்கத்தக்கது. அரசு வைத்தியசாலைகளிலும் சிறைகளிலும் உள்ள வைத்திய அலுவலர் அனைவருக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசர மனநலச் சிகிச்சையிலும் பயிற்சி தருவது அரசின் கடமை என்று அச்சட்டம் எழுதிவைத்தது. பதிவுபெற்ற எந்த வைத்தியரும் அவசரநிலையில் 72 மணி நேரம்வரை சிகிச்சை தரலாம். மின்னதிர்ச்சிச் சிகிச்சை அந்த அவசர அதிகாரத்தில் அடங்காது. காவலுக்கும் நீதிமன்றத்துக்கும் முன்னே வைத்தியரை நிறுத்தும் சட்டம் இது. எழுத்து எவ்வளவு நடைமுறையாயிற்று என்று தமிழகத்து நண்பர்கள் தம் மாவட்ட வைத்தியசாலையில் ஓர் இரவு நின்று பார்த்துச் சொல்லட்டும். இத்தாலியில் பிராங்கோ பசாலியா என்ற வைத்தியரின் போராட்டத்தால் 1978இல் வந்த சட்டம் இன்னும் முன்னே போயிற்று. புதிய பித்தர் விடுதி கட்டலாகாது. தீவிர நோயாளருக்குப் பொது வைத்தியசாலையில் பதினைந்து கட்டில்களுக்கு மேற்படாத வார்ட்டு போதும் என்றது. அதற்குப் பின்னால் வைத்தியர், தாதியர், தொழிற்சங்கத்தார், மாணவர் யாவரும் இருந்தனர்.

ஊவாவிலும் மாறுதல் இல்லாமலில்லை. தியத்தலாவையிலும் பதுளையிலும் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. 1990 என்ற எண்ணை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் ஊவாவுக்கும் வந்தது. பெரகலச் சந்தியில் அது அப்புத்தளைப் பக்கம் திரும்புகிறது. கொழும்புச் சாலையில் இறங்க வேண்டியதில்லை. இந்தத் திருப்பத்துக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிசின் பிசேத்ர விடுதியில் மனநோயாளரின் சங்கிலியை அறுத்தவர் பினெல் என்று பாடநூல்கள் சொல்கின்றன. உண்மையில் அங்கே 1797இல் சங்கிலிகளை நீக்கியவர் பியூசேன் என்ற மேற்பார்வையாளர். அவர் வைத்தியரல்லர், ஒருகாலத்தில் அதே விடுதியில் நோயாளியாய்க் கிடந்தவர். நோயாளரோடு எப்படிப் பேசுவது என்பதைப் பினெல் இவரிடமிருந்துதான் கற்றார். நம் மலைநாட்டு வார்ட்டுகளில் இரவு நேரத்தில் தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்றால் யாரை அழைக்கிறார்கள்? தரை துடைக்கும் பெண்ணை; பெரும்பாலும் அவள் பக்கத்துத் தோட்டத்தின் மகள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, வைத்தியர் கேட்பதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை வைத்தியருக்கும் அவள் சொல்கிறாள். சொல்லக் கூசுவதை விட்டுவிடுகிறாள், பயங்கரமானதை மென்மையாக்கிவிடுகிறாள், அது அவள் குற்றமன்று. உள்ளகப் பயிற்சி வைத்தியருக்கு மனநல அவசரநிலை பற்றி வகுப்பு நடக்கும் நாளில் அவளுக்கும் அந்த அறையில் ஒரு நாற்காலி போடவேண்டும். அன்றைய கூலி வெட்டப்படாமல்.